முக்கத் தெரியாதவள்

என் தம்பி பெண்டாட்டி பவானேஸ்வரி எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், அவள் லைசென்ஸ் எடுத்த கதையைத்தான் முதலில் சொல்வேன். கார் டெஸ்டில் எத்தனை தடவை பெயில் ஆனாள் என்று அவளுக்கே கணக்கில்லை. மற்றவர்கள் பெயில் ஆனால் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். இவள் ஒவ்வொரு முறையும் டெஸ்ட் எடுத்த மலாய்க்கார அதிகாரியின் பின்னாலேயே ஓடி, "சாலா மானா, என்ச்சே?" என்று கேட்பாள். எங்கே தப்பு ஐயா, அதைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். அந்த மனிதர் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாமல் அவரைக் கார்க் கதவைச் சாத்த விடமாட்டாள்.

இப்படியே கேட்டுக் கேட்டு ஒரு நாள் பாஸாகிவிட்டாள். இப்போது தினமும் தங்கா பத்துவிலிருந்து ஆயர் குரோவுக்குத் தானே காரோட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள். தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. பட்டாணி அளவு மின்சாமான்களின் எக்ஸ்ரே படம் சாம்பல் நிறத்தில் திரையில் ஓடும். கோளாறு உள்ளதைப் பார்த்து ஒதுக்க வேண்டும். அந்த வேலைக்காகவே பிறந்தவள். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டாள்.

நான் திலகா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம் என்ன கொஞ்சம், நல்ல நீளம்தான். காலங்காத்தாலே முப்பது வால்களை ஏற்றி இறக்குகிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடுமா? இந்த வாய் எனக்கு என் அம்மா இருசம்மாளிடமிருந்து வந்த சீதனம். அம்மா ஜாசின் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவள். தோட்டம் கைமாறியதும் என் தம்பி குகனோடு தங்கா பத்துவில் மலிவு விலை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். நல்ல மனுஷிதான். பவா பசித்திருந்தால் தன் தட்டை நகர்த்தி வைப்பாள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அவள் நாக்கில் தேள் குடியிருந்தது.

பவாவுக்கு மூத்தவன் நிவேந்திரன் பிறந்தபோது ஒரு பகல் முழுக்க வலி. கர்ப்பப்பை வாய் திறந்தது, பிள்ளை தலை இறங்கவில்லை. கடைசியில் தள்ளுவண்டியில் வைத்து அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். போகும்போதும் இவள் விடவில்லை. "எங்கே தப்பு? ஏன் வரல?" என்று போகிற வருகிறவர்களையெல்லாம் கேட்டிருக்கிறாள். "முன்னேற்றம் இல்லைம்மா" என்றதோடு சரி. ஆளாளுக்கு அவசரம், யாருக்கும் நின்று பதில் சொல்ல நேரமில்லை.

டாக்டர் சொல்லாததை என் அம்மா சொன்னாள். "என்னா தப்பு? அவளுக்கு முக்கத் தெரியல. அதான் வெட்டி எடுத்தாங்க."

ஒருமுறை சொன்னால் போகிறது என்று விடலாம். கல்யாணச் சமையல்கட்டில் சொன்னாள். கோயில் திருவிழாவில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். சொந்தத்தில் யாருக்கு வளைகாப்பு என்றாலும், "நல்லா முக்கக் கத்துக்கம்மா, எங்க வீட்டு ஆளாட்டம் இருக்காத" என்று புத்தி சொன்னாள். பவா தாம்பாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டுக்கு வந்து அம்மாவோடு சண்டை போடுவேன். "நான் இல்லாததையா சொல்லிட்டேன்?" என்பாள் அம்மா.

அந்த வார்த்தையை அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்குத் தெரியும். எனக்கு மூத்தவனாக ஓர் அண்ணன் தோட்டத்தில் பிறந்து அன்றைக்கே போய்விட்டான். நான் சிறுமியாக இருந்தபோது அப்பாவைப் பெற்ற அப்பாயி, குழம்பில் உப்பு கூடினால்கூட, "முக்கத் தெரியாம பிள்ளையைக் கொன்னவதானே நீ" என்று அம்மாவை ஏசுவாள். ஊரையே வாயால் விரட்டும் என் அம்மா அதற்கு மட்டும் பதில் சொன்னதில்லை. சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு அதே வார்த்தையை எடுத்து மருமகள் தலையில் கட்டினாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பவா இரண்டாவது உண்டானபோது என் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "அண்ணி, இந்தப் பிள்ளையை நானே பெத்துக்கறேன். வெட்ட விடமாட்டேன். பெத்துத் தூக்கி அத்தை கையில குடுத்து, இந்தாங்க, முக்கித்தான் பெத்தேன்னு சொல்லணும்."

"சொல்லு. நான் பக்கத்துல நின்னு கைதட்டுறேன்" என்றேன்.

டாக்டர் கமலவேணி என்ற பினாங்குக்கார அம்மாதான் அவளைப் பார்த்தார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. பழைய தையலையெல்லாம் பரிசோதித்துவிட்டு, முயன்று பார்க்கலாம் என்றார். ஆனால் கறாராகச் சில நிபந்தனைகள் வைத்தார். வலி கண்டதும் வந்துவிட வேண்டும். பிள்ளைக்கோ தையலுக்கோ ஆபத்தென்றால் மறு பேச்சில்லாமல் அறுவைதான். "முக்கியமான விஷயம், வலியைத் தூண்டுற வேர், பூ, கஷாயம் எதையும் தொடக்கூடாது. கர்ப்பப்பையில தையல் இருக்கு. வலி கண்டபடி ஏறினா அது பிஞ்சு போகும். தாய், பிள்ளை ரெண்டு பேருக்கும் ஆபத்து" என்றார். பவா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். என் அம்மா அன்றைக்கு எங்களோடு வரவில்லை.

வலி வந்தது ஒரு காலை வேளையில். நான் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு அப்போதுதான் வேனைத் திருப்பியிருந்தேன். குகன் லாரியோடு வடக்கே போயிருந்தான். பவாவை மஞ்சள் வேனில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விட்டேன். பின் சீட்டில் அம்மா ஒரு பிளாஸ்க்கை மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள். "சீரகத் தண்ணி. அவளுக்குத் தொண்டை காஞ்சா வேணும்ல?" என்றாள். பரவாயில்லையே, அக்கறையாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்தேன்.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவர்தான் என்றார்கள். நான் உள்ளே போனேன். அம்மா வெளியே பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

பவா அழவில்லை, கத்தவில்லை. ஒவ்வொரு வலிக்கும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டவள் பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மதியம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டது. வலி வருகிறது, போகிறது, தலை மட்டும் இறங்கவில்லை. பவாவின் முகத்தில் பழைய பயம் ஏறுவதை நான் பார்த்தேன்.

டாக்டர் வந்து கைவைத்துப் பார்த்தார். "தலை வீங்கியிருக்கு, எந்தப் பக்கம் பாக்குதுன்னு விரலுக்குச் சரியாத் தெரியல. ஸ்கேன் பண்ணிப் பாத்துடலாம்" என்றார்.

"இப்பவா? வலி வந்தப்புறம் ஸ்கேன் எதுக்கு டாக்டர்? ஆணா பொண்ணான்னு பாக்கவா?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் சிரித்தார். "அதெல்லாம் பழசு. பிள்ளை எப்படி வரப் போகுது, வருமா வராதான்னு பாக்க."

சக்கரம் வைத்த இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதில் வயரோடு தொங்கிய கைக்கருவியை முதலில் அடிவயிற்றில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கருவிக்கு உறை மாட்டி, பசை தடவி, கீழே வெளிப்புறத்தில் வைத்தார். உள்ளே எதுவும் விடவில்லை. பவா முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"டாக்டர், திரையை என் பக்கம் திருப்புங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி அவளைப் படுக்கச் சொன்னாள். பவா படுக்கவில்லை. "நான் தினமும் இந்த மாதிரி படத்தைத்தான் பாக்கறேன். சாலா மானா, எனக்குத் தெரியணும்" என்றாள். டாக்டர் ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டுத் திரையைத் திருப்பினார்.

"இது உங்க இடுப்பு எலும்பு. இது பிள்ளை தலை. எலும்பு வழியா ஒரு கோடு போடுறேன். அந்த எலும்போட நுனியிலேர்ந்து தலையைத் தொட்டு இன்னொரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோணம் விரிய விரிய பிள்ளை இறங்குதுன்னு அர்த்தம். நல்லா விரிஞ்சிருந்தா, பெரும்பாலும் தானா வந்துடும்னு தைரியமா சொல்லலாம். உங்களுக்கு இன்னும் அவ்வளவு விரியல."

"எனக்கு இடுப்பு குறுகலா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன். இங்க பாருங்க, ரெண்டு குழி தெரியுதா? கண்ணு. அது உங்க வயித்துப் பக்கம் இருக்கு. பிள்ளை முதுகைப் பாத்து வரணும், இது மேலே பாத்துக்கிட்டு வருது. சில பிள்ளைங்க கடைசியில திரும்பிடும். பிள்ளையோட நாடி நல்லா இருக்கு, உங்களுக்கும் ஒண்ணுமில்ல. கொஞ்சம் நேரம் குடுப்போம். ஒருக்களிச்சுப் படுங்க. மறுபடியும் பாக்கறேன்."

பவா ஒருக்களித்துப் படுத்தாள். வயிற்றில் கைவைத்து, "திரும்புடா செல்லம், ஒரு தடவை திரும்பு" என்று பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருந்தாள். நான் என் பங்குக்கு எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். எங்கள் முனியாண்டிக்குக் கோழி நேர்ந்துகொண்டேன். சேவலாகவே தருகிறேன் என்று உயர்த்தியும் பார்த்தேன்.

தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம் என்று மிஸ்ஸி சொன்னதால், வெளியே போய் அம்மாவிடம் பிளாஸ்க்கை வாங்கி வந்தேன். அம்மா கொடுக்கும்போது, "எல்லாத்தையும் குடிக்கச் சொல்லு. மிஸ்ஸி பாக்கறப்ப வேணாம்" என்றாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூடியைத் திறந்து ஊற்றினேன். சீரக வாசனையே இல்லை. பழுப்பு நிறத் தண்ணீர். உள்ளே எட்டிப் பார்த்தால், காய்ந்த குச்சி குச்சியாக ஏதோ ஒன்று, கை விரித்த மாதிரி மலர்ந்து கிடந்தது.

பவாதான் முதலில் கண்டுகொண்டாள். "அது பாத்திமா பூ அண்ணி. மாச்சிக் கல்சோம் வீட்டுல பாத்திருக்கேன். தண்ணில போட்டா விரியும். அந்தத் தண்ணியைக் குடிச்சா வலி வேகமா வந்து பிள்ளை பொறந்துடும்னு சொல்வாங்க."

மாச்சிக் கல்சோம் எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா. டாக்டர் எதைத் தொடவே கூடாது என்றாரோ, அதையே என் அம்மா சீரகத் தண்ணீர் என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள்! நான் கோப்பையைக் கீழே கொட்டப் போனேன். பவா என் கையைப் பிடித்தாள்.

அவள் அதைக் கொட்டவும் விடவில்லை, குடிக்கவும் இல்லை. அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வலி வந்து போகும்வரை என் கையை விடவில்லை. இவள் குடித்துவிடுவாளோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

"ஆசையா இருக்கு அண்ணி" என்றாள். "ஒரு மடக்குக் குடிச்சா வந்துடுமோன்னு ஆசையா இருக்கு. எத்தனை வருஷமா அந்தப் பேச்சைக் கேக்கறேன் தெரியுமா?"

"தெரியும்மா. எனக்குத் தெரியாதா?"

"ஆனா தலை எங்க பாக்குதுன்னு தெரியாம நான் முக்கமாட்டேன். டாக்டரைக் கூப்பிடுங்க. மறுபடியும் பாக்கச் சொல்லுங்க."

கோப்பையைத் தானே என் கையில் திருப்பித் தந்தாள். நான் அதையும் பிளாஸ்க்கில் மிச்சமிருந்ததையும் தொட்டியில் கொட்டிவிட்டு டாக்டரைத் தேடி ஓடினேன். போன வேகத்தில் ஒரு மிஸ்ஸியை இடித்துவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் வந்தார். மறுபடியும் வயிற்றில், மறுபடியும் கீழே. இந்த முறை கோட்டை இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். பவா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே கேட்டாள்: "கோணம் விரியல, இல்லையா? அதே இடத்துலதான் நிக்குது."

"ஆமாம்மா. அதோட இன்னொண்ணு. பிள்ளை தாடையை நெஞ்சுல ஒட்டி வச்சிருந்தா உச்சந்தலை முதல்ல வரும். இது தாடையைத் தூக்கிடுச்சு. இப்ப நெத்திதான் முன்னால வருது. நெத்தி முன்னால வந்தா தலையோட ஆக அகலமான பாகம் வழியில குறுக்க நிக்கும்."

"நான் நல்லா முக்கினா?"

"எவ்வளவு பலசாலி முக்கினாலும் இது வராதும்மா. முக்க முக்க உங்க தையலுக்குத்தான் ஆபத்து."

நான் பிளாஸ்க் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். டாக்டரின் முகம் வெளுத்துப்போனது. "குடிக்கலயே? ஒரு சொட்டுகூட?" என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பவா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. பிறகு கேட்டாள்: "மூத்தவனும் இப்படித்தான் நின்னிருப்பானா?"

"அன்னிக்கு யாரும் இப்படிப் பாக்கல. பாக்காததை நான் யூகமா சொல்ல மாட்டேன். இன்னிக்குள்ளதைச் சொல்வேன். இன்னிக்கு உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

பவா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி. வெட்டுங்க. கையெழுத்து நானே போடுறேன். ஆனா ஒண்ணு டாக்டர். என் அத்தை வெளிய உக்காந்திருக்காங்க. இப்ப என்கிட்ட சொன்னதை அவங்ககிட்ட நீங்களே சொல்லணும். நான் சொன்னா நம்பமாட்டாங்க."

"உங்களுக்கு வலி, உங்களுக்கு ஆபரேஷன். இந்த நேரத்துல அதுவா முக்கியம்?"

"அதுதான் முக்கியம்" என்றாள் பவா.

அறுவை அறையைத் தயார் செய்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். அம்மா எழுந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு, "நான் நெனச்சேன். முக்கியிருக்க மாட்டா" என்பதுதான். எனக்கு அவள் வாயைப் பொத்தலாம் போலிருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. "அம்மா, உங்க கையில இருக்கற வளையலைக் கொஞ்சம் கழட்டுங்க" என்றார்.

அம்மா ஒன்றும் புரியாமல் கட்டைவிரலை உள்ளே மடக்கி, கையைக் குவித்து, ஒற்றை வளையலைக் கழற்றினாள்.

"எப்படிக் கழட்டினீங்க? கையைக் குவிச்சு. இப்பக் கையை இறுக்கி மூடிக்கிட்டு அதே வளையலைப் போடுங்க."

அம்மா போட்டுப் பார்த்தாள். விரல் கணுவில் நின்றுவிட்டது.

"தள்ளுங்க. இன்னும் பலமா தள்ளுங்கம்மா."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். கணுவெல்லாம் சிவந்தது. "வராதும்மா" என்றாள்.

"உங்களுக்குத் தள்ளத் தெரியலயா?"

"தள்ளத் தெரியாம என்னா? கையை மடக்குனது சரியில்ல, எப்படி ஏறும்?"

"உள்ள இருக்கற பிள்ளையும் அப்படித்தான். உச்சந்தலை வந்தா குவிச்ச கை. நெத்தி வந்தா மூடின கை. என் கண்ணால பாத்துட்டு வர்றேன். உங்க மருமக காலையிலேர்ந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு வலி தாங்குறா. அவ மேல தப்பில்ல." சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அம்மா வளையலை மாட்டிக்கொள்ளவில்லை. கையில் வைத்துக்கொண்டு பெஞ்சியில் உட்கார்ந்தாள். நான் விடுவேனா? காலி பிளாஸ்க்கை அவள் முன்னால் நீட்டினேன்.

"சீரகத் தண்ணியா இது? தையல் உள்ளவ இதைக் குடிச்சா கர்ப்பப்பை கிழிஞ்சு ரெண்டு உசிரும் போயிருக்கும். பெத்தவ மாதிரி பாத்துக்க வேண்டியவ இப்படிச் செய்வியா? மாச்சிதான் குடுத்தாங்களா? அவங்களுக்கும் அறிவு இல்லையா?"

"மாச்சியைத் திட்டாதடி" என்றாள் அம்மா. "அவங்களுக்குத் தெரியாது. மூத்தவன் சுகப்பிரசவம்னு சொல்லி வச்சிருந்தேன்."

சொந்தக்காரர்களிடம் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவள், பக்கத்து வீட்டில் வெட்கப்பட்டு மறைத்திருக்கிறாள்! தையல் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் புண்ணியவதி பூவைக் கண்ணில் காட்டியிருக்கமாட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சு நின்றுவிட்டது. என் பேச்சு நிற்பது எப்போதாவதுதான் நடக்கும்.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல். பவாவைப் பொது அறைக்குக் கொண்டுவந்த பிறகு, பார்வையாளர் நேரத்தில் அம்மாவை உள்ளே விட்டார்கள். அம்மா கட்டில் பக்கம் போகாமல் வாசலிலேயே நின்றாள். கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை, இருந்தாலும் குழந்தையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அம்மா அதை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள். நெற்றி புடைத்து, நீலம் பாரித்துக் கிடந்தது.

"பயப்படாதீங்க" என்றாள் அங்கிருந்த மிஸ்ஸி. "நெத்தி முன்னால வந்து இடிச்சுக்கிட்டு நின்னதால வந்த வீக்கம். கொஞ்ச நாள்ல வடிஞ்சிடும்."

அம்மா விரல் நுனியால் அந்த வீக்கத்தைத் தொட்டாள்.

"என் மூத்தவனுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள்.

அண்ணனைப் பற்றி அவள் வாயால் நான் கேட்ட முதல் வார்த்தை அது.

"இதே எடம். இதே நீலம். பிரசவம் பாத்த தோட்டத்து ஆயா தொடையில அறைஞ்சு அறைஞ்சு முக்குடி முக்குடின்னா. ரெண்டு நாள். வெளிய வந்தப்ப அழவே இல்ல. வீக்கம் வடியறதுக்குள்ள பொதைச்சுட்டாங்க."

பவா மருந்து ஏறுகிற கையை மெதுவாக நீட்டி அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள். அம்மா குழந்தையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நான் முக்குனேன் பவா" என்றாள். எழுபது வயதுக்காரி, சின்னப் பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதாள். "நல்லாத்தான் முக்குனேன். உசிரைக் குடுத்து முக்குனேன்."

"தெரியும் அத்தை" என்றாள் பவா. "நானுந்தான்."

எனக்கு அம்மாவின் மேல் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்று பேரும் அழுதோம். மிஸ்ஸி வந்து, தையல் போட்டவளை அழவைக்காதீர்கள் என்று எங்களை விரட்டினாள்.

சில நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். குகன் வந்து சேர்ந்திருந்தான். நிவேந்திரன் தங்கச்சியைப் பார்க்கக் குதித்துக்கொண்டிருந்தான். வேனை வாசலில் நிறுத்தியதும் மாச்சிக் கல்சோம் வேலிப்பக்கம் ஓடி வந்தார். வாயெல்லாம் பல். "நோர்மால் கே, இரு?" என்று கேட்டார். சுகப்பிரசவந்தானே, இருசம்மா என்று.

நான் அம்மாவைப் பார்த்தேன். பவாவும் பார்த்தாள். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு வேலி அருகே போனாள். அக்கம்பக்கம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"போத்தோங்! டுவா-டுவா போத்தோங்!"

வெட்டித்தான் எடுத்தார்கள், இரண்டையும் வெட்டித்தான் எடுத்தார்கள் என்று. மாச்சிக்கு முகம் மாறிவிட்டது. பூ ஞாபகம் வந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "யா அல்லா, குடிச்சாளா?" என்று பதறினார். குடிக்கவில்லை, தப்பு உன் மேல் இல்லை, நான்தான் உன்னிடம் பொய் சொன்னேன் என்று அம்மா தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி முடித்தாள். பிறகு கையில் இருந்த வளையலைக் கழற்றி, "இந்தாங்க, கையை இறுக்கி மூடிக்கிட்டு இதைப் போடுங்க பாப்போம்" என்று வேலிக்கு மேல் நீட்டினாள். ஒன்றும் புரியாத மாச்சி, பாவம், கையை மூடிக்கொண்டு வளையலோடு மல்லுக்கட்டினார்.

"தள்ளுங்க! நல்லாத் தள்ளுங்க!" என்று அம்மா அதட்டினாள்.

பவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேன் கதவில் சாய்ந்தாள். "ஐயோ அத்தை, போதும் லா. சிரிச்சா தையல் வலிக்குது."